பெட்ஷீட்டில் கசகசா: ஒரு டிசைன் அறையும் 43 அங்குல டிவியும்

கரூரில் இருந்து ஒரு பெட்ஷீட்டை மடித்து மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் வாங்கிக்கொண்டேன். பை கைக்கு வருவதற்கு முன்பே போன் வந்துவிட்டது.

“தம்பி, வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் பேசலாமுங்க.”

வீட்டு மொட்டை மாடியில் விரித்தேன். சந்தன நிறத் தரையில் கரும்பச்சைக் கொடியும் பூவும். நல்ல டிசைன். குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது, தரையெங்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். கசகசா தூவின மாதிரி. தறியில் பிசகு என்றால் ஏன் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்குத் துணி வருகிறது என்று கேட்கலாம். இரண்டு மாதம் முன்பு அந்த டிசைன் அறைக்குப் போய், ஒரு பெரிய டிவியை மானிட்டராகச் ‘செட்’ செய்து, கூலியும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.

டிவி எதற்கு

அது இரண்டு பேர் வேலை பார்க்கும் அறை. தறி கிடையாது. சுற்றுவட்டாரத் தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு (தறிமேல் உட்கார்ந்து, பாவு இழைகளைத் தேர்ந்து தூக்கிப் பூ விழவைக்கும் கருவி) டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சாயம் பூசி, அதைப் பார்த்து ஜக்கார்டுக்கான அட்டையில் துளை அடிப்பார்கள். இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு பென்டிரைவில் ஃபைல் போகிறது. கணக்கு மட்டும் பழையதுதான். ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். திரையில் அது ஒரு பிக்சல்.

அவர்கள் அதிகம் போடுவது 2688 ஹூக் (பாவு இழையைத் தூக்கும் கொக்கி) டிசைன். அதாவது அகலத்தில் 2688 பிக்சல். சாதாரண மானிட்டரின் அகலம் 1920 பிக்சல்தான். டிசைனை உள்ளது உள்ளபடி முழுதாகப் பார்க்க இடம் பத்தாது. சுருக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். சுருக்காவிட்டால் இடதும் வலதுமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 4கே திரையின் அகலம் 3840. 2688 அதில் அப்படியே உட்காரும், கருவிப்பட்டைகளுக்கும் மிச்சம் இடம் இருக்கும்.

ஆசை நியாயமானது. பெரிய 4கே மானிட்டருக்கு விலை கேட்டுவிட்டு அண்ணன் (அறையின் சொந்தக்காரர்) அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. அந்தத் தீபாவளிக்கு டிவி வாங்கினார். 55 அங்குலம் எடுப்பதாகத்தான் இருந்தது. நான்தான் 43 போதும் என்றேன். இரண்டிலும் இருப்பது அதே 3840-க்கு 2160 பிக்சல்தான். 43 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 102 பிக்சல் வரும். 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் எழுத்து எவ்வளவு நெருக்கமாகத் தெரியுமோ, அவ்வளவு. 55-ல் அது 80-க்கு இறங்கிவிடும். அதோடு 122 சென்டிமீட்டர் அகலத்தை மேசைக்கு எதிரே வைத்தால், கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஆலோசனையில் மட்டும் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

முதல் தடவை போனபோது

சொன்ன குறைகள் மூன்று. திரையின் ஓரம் வெட்டுப்படுகிறது, டாஸ்க்பாரில் பாதி கீழே போய்விட்டது. மவுஸ் எண்ணெயில் நீந்துகிற மாதிரி பின்தங்கி வருகிறது. கழுத்து வலிக்கிறது.

ஓரம் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். டப்பா டிவி காலத்துப் பழக்கம். படக்குழாயின் ஓரம் நேராக நிற்காது, சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளிவிடுவார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பல டிவிகளில் இந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்துக்கு 2.5 சதவீதம் என்றாலே 3840-ல் 96 பிக்சல் போச்சு. போவது ஓரம் மட்டுமல்ல. மிச்சத்தை இழுத்து நிரப்புவதால் திரையில் ஒரு பிக்சல்கூடத் தன் இடத்தில் இருக்காது. டிவியின் பட அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’, ‘ஃபுல் பிக்சல்’, ‘டாட் பை டாட்’ என்று கம்பெனிக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். அதைப் போட்டதும் டாஸ்க்பார் முழுசாக வந்தது.

மவுஸ் பின்தங்குவதற்குக் காரணம், டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து மெருகேற்றி அப்புறம் காட்டுவதுதான். சினிமா பார்க்கிறவருக்கு அந்தத் தாமதம் தெரியாது, மவுஸ் பிடிக்கிறவருக்குத் தெரியும். ‘கேம் மோட்’ போட்டேன். மெருகேற்றல் பெரும்பாலும் நின்றது, மவுஸ் கையோடு வந்தது.

கழுத்துவலிக்குத் தச்சர்தான் மருந்து. 43 அங்குல டிவியின் உயரம் அரை மீட்டருக்கு மேல். காலோடு மேசைமேல் நின்றால் மேல் விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விடும். மேசையைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்து, டிவியைச் சுவரில் தாழ்வாக மாட்டச் சொன்னேன். கீழ் விளிம்பு மேசைப் பலகையின் மட்டத்துக்கு வந்தது. கண்ணுக்கும் திரைக்கும் மூன்றடி ஆனது. ஹாலில் பத்தடி தள்ளிப் பார்ப்பதற்கான வெளிச்சத்தை மூன்றடியில் பார்த்தால் கண் கூசும், அதையும் பாதிக்குக் கீழே இறக்கினேன்.

“இப்பத்தானுங்ணா தியேட்டர் மாதிரி இருக்குது” என்றது டிசைன் போடும் பெண். காப்பி குடித்தேன். கொடுமுடி வழியாக ரயிலில் வீடு வந்து சேர்ந்தேன். மூன்று குறை சொன்னார்கள், மூன்றையும் தீர்த்தாயிற்று. நான்காவது ஒன்று இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத குறை, அதனால் யாரும் சொல்லவில்லை.

துணியைப் படிப்பது

கசகசாவுக்கு வருவோம். பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு கரூர் போனேன். அங்கே தறி ஃபிட்டர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வயதானவர். கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

“நூல் கோளாறுன்னா கண்ட இடத்துல இருக்கும். ஹூக் கோளாறுன்னா பாவு வாக்குல நேரா ஓடும். இது ரெண்டுமில்லீங்க, பாருங்க” என்று ஒரு புள்ளிமேல் டேப்பின் நுனியை வைத்தார். அந்தப் பெட்ஷீட்டில் அங்குலத்துக்கு 56 இழை. 2688-ஐ 56-ஆல் வகுத்தால் 48. அகலத்தில் ஒரு ரிப்பீட், அதாவது டிசைன் ஒரு தடவை முடிந்து மறுபடி தொடங்கும் தூரம், 48 அங்குலம். டேப்பை நேராக இழுத்து 48-ல் விரலை வைத்தார். விரலுக்கு அடியில் இன்னொரு பச்சைப் புள்ளி. வேறொரு புள்ளியில் இருந்து அளந்தார். அங்கேயும் 48-ல் அதன் ஜோடி நின்றது. “டிசைன்லயே இருக்குதுங்க. தறி சொன்னதைத்தான் செஞ்சிருக்குது.”

எனக்கு இந்த வேலையில் பிடித்த பத்து நிமிஷம் அதுதான். என் பையில் இருந்த எந்தக் கருவியும் அவ்வளவு சுருக்கமாகப் பழியை இடம் சேர்த்திருக்காது.

ஃபைலைத் திறந்தோம். டிவியில் புள்ளி எதுவும் இல்லை, தரை சுத்தமாக இருந்தது. “நான் ஒவ்வொரு டிசைனையும் கழுவிட்டுத்தானுங்ணா அனுப்புறேன்” என்று அந்தப் பெண் கண் கலங்கிவிட்டது. கழுவுவது என்றால், ஸ்கேன் செய்த படத்தை எட்டு நிறமாகக் குறைக்கும்போது விளிம்புகளிலும் தரையிலும் சிதறும் ஒற்றைப் புள்ளிகளைத் துடைப்பது. சாஃப்ட்வேரே துடைக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது கொடியின் மெல்லிய காம்பையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதால் கண்ணால் பார்த்துக் கையால் துடைப்பார்கள்.

மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய 19 அங்குல மானிட்டரைத் தூக்கிவந்து, அதே கம்ப்யூட்டரில் இரண்டாவது திரையாக மாட்டினேன். டிசைன் ஜன்னலை டிவியில் இருந்து அதற்கு இழுத்தோம். நீலத் தரையில் சிவப்புப் புள்ளிகள், வானத்து நட்சத்திரம் மாதிரி. திரும்ப டிவிக்கு இழுத்தால் சுத்தமான நீலம். நாலு தடவை இழுத்துப் பார்த்தோம். அண்ணன் ஐந்தாவது தடவையும் இழுக்கச் சொன்னார்.

(நீலமும் சிவப்பும் துணியின் நிறம் அல்ல. திரையில் இருப்பது குறி மட்டும்: நீலம் என்றால் ஒரு வகை நெசவு, சிவப்பு என்றால் இன்னொரு வகை. இஷ்டத்துக்கு எந்த நிறமும் வைக்கலாம். இந்த டிசைனுக்கு அடர் சிவப்பும் நீலமும் வைத்ததுதான் வினையாகப் போயிற்று.)

புள்ளி எங்கே போனது

விண்டோஸில் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்பு என்று ஒரு பக்கம் உண்டு. முதல் தடவை போனபோது அதை நான் திறந்துபார்த்தேன். 3840-க்கு 2160, 60 ஹெர்ட்ஸ், எல்லாம் சரி என்று மூடினேன். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது. நிற வடிவம்: ஒய்சிபிசிஆர்420. அதைப் படிக்காமல் விட்டது என் தப்பு.

மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் வீடியோக்காரர்கள் ஒரு சிக்கனம் செய்கிறார்கள். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக அனுப்புவார்கள். நிறத்தை நாலு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாக அனுப்புவார்கள். இதுதான் 4:2:0. டிவி ஒளிபரப்பு, டிவிடி, ப்ளூ-ரே, நெட்டில் வரும் படம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன, நாம் யாரும் குறை கண்டதில்லை. கறுப்பு எழுத்து வெள்ளைத் தாளில் இருந்தாலும் பிரச்சினை வராது, ஏனென்றால் அங்கே இருப்பது வெளிச்ச வித்தியாசம். ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாகவும் நிறம் மட்டும் வேறாகவும் உள்ள ஒற்றைப் பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு, பக்கத்து மூன்று நீலத்தோடு கலந்து கால்வாசியாகிக் கரைந்துவிடும். சாம்பார் அண்டாவில் ஒரு சொட்டு எலுமிச்சை. 

ஏன் 420-ல் ஓடியது? 4கே படத்தை நொடிக்கு 60 தடவை முழு நிறத்தோடு அனுப்ப, கம்ப்யூட்டரையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ-யின் 2.0 பதிப்பு தரும் நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் கிட்டத்தட்ட முழுக்கத் தேவை. பழைய 1.4-ன் வேகம் 10.2 தான். அதில் முழு நிறத்தோடு 4கே வேண்டுமென்றால் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 தடவை) இறங்க வேண்டும். இவர்கள் கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு 2.0. டிவியும் 2.0. ஆனால் டிவி பெட்டியில் இருந்து வரும்போதே அந்தப் போர்ட் பழைய கருவிகளுக்கு ஒத்துப்போகும்படி குறைந்த வேகத்தில் வைக்கப்பட்டிருந்தது. குறைந்த வேகத்தில் 60 ஹெர்ட்ஸ் கேட்டால் இரண்டும் தமக்குள் பேசி 420-க்கு ஒப்புக்கொள்ளும். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது.

போர்ட்டை உயர் வேகத்துக்கு மாற்றினேன். இதற்கும் கம்பெனிக்கு ஒரு பேர்: ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, ‘டீப் கலர்’, ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. மாற்றியதும் திரை கறுத்தது, வந்தது, மறுபடி கறுத்தது. கேபிள் தாங்கவில்லை. சுவரை ஒட்டி ஐந்து மீட்டருக்கு ஓடிய பழைய ஒயர். அதைக் கழற்றி, 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்ற ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ கேபிள் இரண்டு மீட்டர் வாங்கி மாட்டினோம். திரை நின்றது. விண்டோஸில் இப்போது ஆர்ஜிபி என்று வந்தது, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறம்.

நிமிர்ந்து பார்த்தால் தரை இன்னும் சுத்தமான நீலம்!

இங்கேதான் நான் ஒரு மணி நேரம் தொலைத்தேன். கம்ப்யூட்டர் முழு நிறத்தை அனுப்புகிறது, கேபிள் கொண்டுபோகிறது, டிவி வாங்குகிறது. வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தானே நிறத்தைக் குறைத்துக்கொள்கிறது. பல டிவிகள் அப்படித்தான். கேம் மோடிலும் சில அதைச் செய்யும். உள்ளீட்டுக்குப் ‘பிசி’ என்று பேர் வைத்தால்தான் விடும். பேர் என்றால் வெறும் பேர்தான்: ரிமோட்டில் உள்ளீட்டுப் பட்டியலுக்குப் போய், எச்டிஎம்ஐ 1 என்று இருப்பதைத் திருத்தி, படத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பொம்மையைத் தேர்ந்தெடுப்பது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரை மாற்றிய கணத்தில் திரை ஒரு தடவை சிமிட்டியது. சிவப்புப் புள்ளிகள் மொத்தமாக வந்து நின்றன.

“அட, அத்தனையும் இங்கியேதான் இருந்துச்சுங்களா!” என்றார் அண்ணன்.

மிச்சம் இருந்த இரண்டையும் அப்போதே அணைத்தேன். ஒன்று, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’. ஒற்றைப் புள்ளியைக் கண்டால் தூசு என்று துடைப்பது அதன் வேலை. நமக்கோ தூசுதான் வேண்டும். இன்னொன்று ‘ஷார்ப்னெஸ்’. அது கோட்டின் இரு பக்கமும் இல்லாத வெள்ளை நிழலை வரையும். அந்த டிவியில் பூஜ்யம்தான் உள்ளது உள்ளபடி; சில டிவிகளில் நடு எண்ணில் நிற்கும், ஒரு மெல்லிய கோட்டைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் பழி முழுவதையும் டிவிமேல் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய மானிட்டரில் டிசைன் முழுதாகத் தெரியாததால், அந்தப் பெண் நாலு மடங்கு பெரிதாக்கி, துண்டு துண்டாக நகர்த்திக் கழுவும். பெரிதாக்கினால் ஒரு புள்ளி நாலுக்கு நாலு கட்டமாகிவிடும்; அது 420-லும் பளிச்சென்று தெரியும். டிவி வந்த பிறகு முழு டிசைனும் ஒரே பார்வையில் தெரிந்தது. பெரிதாக்கும் பழக்கம் தானாக நின்றுபோனது. டிவி மட்டும் மாறியிருந்தாலோ, பழக்கம் மட்டும் மாறியிருந்தாலோ அந்தப் புள்ளிகள் தறி வரைக்கும் போயிருக்காது.

தீராதவை

மூலை நிறம் தீரவில்லை. அந்த டிவியின் பேனல் விஏ வகை. நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு. மூன்றடியில் உட்கார்ந்தால் இடது கோடியும் வலது கோடியும் சாய்வாகத்தான் கண்ணில் படும், அங்கே நிறம் வெளிறும். ஒரே பச்சை நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. எந்த அமைப்பிலும் இதை மாற்ற முடியாது. ஆகவே இந்தத் திரையில் நிறப்பொருத்தம் பார்ப்பதில்லை என்று முடிவானது. நூல் ஷேடு கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நிறம் சொல்கிறார்கள். முன்பும் அப்படித்தான் சொன்னார்கள்.

தூக்கமும் ஒரு தொல்லை. மானிட்டர் என்றால் கம்ப்யூட்டரோடு தூங்கி கம்ப்யூட்டரோடு விழிக்கும். டிவிக்கு அந்தப் பாஷை தெரியாது. கம்ப்யூட்டர் தூங்கினால் ‘சிக்னல் இல்லை’ என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு அணைந்துபோகும். எழுப்ப ரிமோட் வேண்டும். நாலு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் ஆள் இல்லை என்று தானே அணையும் அமைப்பு வேறு. அதை மட்டும் தேடிப் பிடித்து நிறுத்தினேன். ரிமோட்டை மேசைக்காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூலுக்கா பஞ்சம், கரூரில்.

கரண்டுக் கணக்கு அண்ணன் கேட்டார். பழைய மானிட்டர் 20 வாட் சுமாருக்கு, டிவி தகட்டில் 95 வாட். வித்தியாசம் 75 வாட், நாளுக்குப் பத்து மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 52 வேலை நாள் என்றால் 39 யூனிட் கூடுதல். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வைத்திருப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். “ஒரு பெட்ஷீட் பாழாகிறதுக்கு அது தேவலைங்க” என்றார். டிவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நானே ஒரு வார்த்தை கேட்டேன். அந்தப் பெண்தான் வேண்டாம் என்றது. பழைய மானிட்டருக்குத் திரும்பிப் போக அதற்கு மனமில்லை.

கிளம்புமுன் ஒரு ஃபைல் செய்து டெஸ்க்டாப்பில் வைத்தேன். நீலத் தரை, அதில் அடர் சிவப்பில் ஒற்றைப் பிக்சல் புள்ளிகள் ஐம்பது, ஒற்றைப் பிக்சல் கோடுகள் பத்து. காலையில் திரையைப் போட்டதும் அதைப் பெரிதாக்காமல், சுருக்காமல் திறந்து பார்க்க வேண்டும். புள்ளி எண்ணும்படி இருந்தால் வேலை தொடங்கலாம். ஃபைலுக்குப் பேர் வைத்தது அந்தப் பெண்: கசகசா.

பங்குனியில் ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு போன்.

“ஏனுங்ணா, கசகசாவைக் காணோமுங்க.”

ராத்திரி டிவி தானாக ஏதோ அப்டேட் போட்டிருக்கிறது. உள்ளீட்டின் பேர் மறுபடி எச்டிஎம்ஐ 1 ஆகியிருந்தது. போனிலேயே வழி சொன்னேன். ரிமோட் பட்டன் அழுத்தும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது.

“வந்துருச்சுங்ணா” என்று சொல்லி வைத்துவிட்டது.